“பார்த்தால் தெரியாது” என்னும் பாராட்டு: கணினி விளையாட்டுகளில் ஓரினக் காதலும் ஆண்மையின் அச்சுகளும்

புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் எமது பிள்ளைகள் எந்த நூல்களைப் படிக்கிறார்கள், எந்தத் திரைப்படங்களைப் பார்க்கிறார்கள் என்பதை ஓரளவுக்கேனும் நாம் அறிவோம். ஆனால் அவர்கள் தமது அறைகளில் மணிக்கணக்காக ஆடும் கணினி விளையாட்டுகளுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்த பெற்றோர் மிகச் சிலரே. சுடுவதும் ஓடுவதும் வெல்வதும் தோற்பதும்தான் அங்கே உண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அங்கே நட்பு உண்டு, துரோகம் உண்டு, இழவு உண்டு, காதலும் உண்டு. அக்காதல்களுள் ஆணும் ஆணும் கொள்ளும் காதலும் இடம்பெறத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

அந்தக் காதற் பாத்திரங்கள் எத்தகைய ஆண்களாகப் படைக்கப்படுகிறார்கள்? அவர்களுடைய ஆண்மை எந்த அளவுகோலால் அளக்கப்படுகிறது? இக்கேள்விகள் விளையாட்டுத் துறையினருக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்கிவிட முடியாது. அதே அளவுகோல் எமது வீடுகளிலும் புழக்கத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரை சொல்ல விரும்பும் செய்தி.

காதல் எப்படி விளையாட்டாகிறது?

இத்துறையோடு பழக்கமில்லாத பெற்றோருக்காக ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. கதை சார்ந்த பெரிய விளையாட்டுகளில் ஆடுபவர் ஒரு நாயகனையோ நாயகியையோ தாமே உருவாக்கிக்கொள்கிறார். பயணத்தில் தோழர்கள் சேர்கிறார்கள். அவர்களோடு உரையாடும்போது திரையில் மூன்று நான்கு பதில்கள் தோன்றும். அவற்றுள் ஒன்றை ஆடுபவர் தெரிந்தெடுக்க வேண்டும். எந்தப் பதிலைத் தெரிந்தார், எந்தப் பரிசைக் கொடுத்தார், ஆபத்தில் யார் பக்கம் நின்றார் என்பதைப் பொறுத்து அத்தோழரின் அன்பு கூடும் அல்லது குறையும். சிலரோடு அது காதலாக முதிரும்.

திரைப்படத்தில் பிறர் காதலிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கேயோ காதலுக்கான சொல்லை ஆடுபவரே தெரிந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தன் உள்ளத்தில் இருப்பதை வீட்டில் எவரிடமும் சொல்ல இயலாத ஓர் இளைஞன், அதனை முதன்முதலாகச் சொல்லிப் பார்க்கும் இடம் இதுவாக இருக்கலாம். ஆகவே மறுபக்கத்தில் நின்று பதில் சொல்லும் பாத்திரம் எப்படிப்பட்டது என்பது சிறிய விடயமன்று.

ஏளனத்தின் காலம்

தொடக்கத்தில் அங்கே இருந்தது ஏளனம் மட்டுமே. 1994 இல் சேகா நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 3’ என்னும் சண்டை விளையாட்டின் யப்பானியப் பதிப்பில் ஆஷ் என்றொரு எதிரி வருவான். தோல் உடையும் மிகைப்படுத்திய நளினமுமாகச் சிரிப்புக்கென்றே வரையப்பட்டவன் அவன். மேலைநாடுகளுக்கான பதிப்பில் அவனை அடியோடு நீக்கிவிட்டார்கள். கேலிப்பொருளாக வைத்திருத்தல் அல்லது இல்லாமற் செய்தல் என்ற இரண்டு வழிகளே அன்று கண்ணுக்குத் தெரிந்தன. 1997 இல் வெளியான ‘ஃபைனல் ஃபான்டசி 7’ விளையாட்டிலும் தசை பெருத்த ஆண்கள் நாயகனைச் சூழ்ந்துகொள்ளும் ஒரு காட்சி நகைச்சுவைக்காகவே வைக்கப்பட்டிருந்தது. அதன் மறுஆக்கம் 2020 இல் வந்தபோது அப்பகுதி முற்றிலும் மாற்றியெழுதப்பட்டது.

இதைக் கண்டு நாம் வியக்க வேண்டியதில்லை. பெண்மைச் சாயல் கொண்ட ஆணைக் கண்டவுடன் சிரிக்கவேண்டும் என்று எமது தமிழ்த் திரைப்படங்களும் பல பத்தாண்டுகளாக எம்மைப் பழக்கியே வந்திருக்கின்றன.

மாற்றம் மெல்ல மெல்லவே வந்தது. 1998 இல் ‘ஃபால்அவுட் 2’ விளையாட்டில் நாயகன் இன்னோர் ஆணை மணக்க இயன்றது. 2000 இல் வந்த ‘தி சிம்ஸ்’ விளையாட்டில் எவரும் எவரையும் காதலிக்க இடமிருந்தது. கனடாவின் எட்மன்டன் நகரில் இயங்கும் பயோவேர் நிறுவனம் 2005 இல் ‘ஜேட் எம்பயர்’ விளையாட்டை வெளியிட்டது. அதில் வரும் ஸ்கை என்னும் வீரனை நாயகியும் காதலிக்கலாம், நாயகனும் காதலிக்கலாம். ஒருபாற் திருமணத்தைக் கனடா நாடெங்கும் சட்டமாக்கியதும் அதே ஆண்டில்தான்.

எனினும் அதே நிறுவனம் 2007 இலும் 2010 இலும் வெளியிட்ட ‘மாஸ் எஃபெக்ட்’ தொடரின் முதலிரு பாகங்களில் ஆணுக்கும் ஆணுக்கும் இடையே காதல் இல்லை. பெண் வடிவில் தோன்றும் வேற்றுக்கோள் உயிரினத்தைச் சேர்ந்த லியாராவை நாயகி காதலிக்க முதற்பாகத்திலேயே இடம் தரப்பட்டிருந்தது. பெண்கள் இருவரின் நெருக்கத்தை ஆண்களின் கண்ணுக்கு விருந்தாகக் கருதிய சந்தை, ஆண்கள் இருவரின் அன்பைக் கண்டு கூசியது என்றே இதனை நான் விளங்கிக்கொள்கிறேன்.

இரண்டு அச்சுகள்

கதவு திறந்தபோது உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு அச்சுகளில் வார்க்கப்பட்டவர்கள்.

முதலாவது அச்சு, சரசப் பேச்சுக்காரன். 2009 இல் வந்த ‘டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’ விளையாட்டின் செவ்ரான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவன் நாயகனைக் கொல்ல வந்து தோற்று, பின்னர் தோழனாகச் சேரும் கொலைஞன். ஆண் பெண் வேறுபாடின்றி எல்லோரிடமும் இச்சை பேசுவான். வாய் ஓயாத நகை, நம்பத்தகாத தன்மை, கட்டில் நினைவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஓரினக் காதலன் ஆகிவிடுவான் என்ற பழைய கணக்கு இங்கே தெரிகிறது. ஆயின் பொறுமையாகப் பழகுபவருக்கு இன்னொரு செவ்ரான் தென்படுகிறான். சிறுவயதிலேயே கொலைஞர் கூட்டத்துக்கு விற்கப்பட்டவன் அவன். விளையாட்டாகத் தொடங்கிய உறவு உண்மையான அன்பாக மாறும்போது என்ன செய்வதென்று தெரியாமற் தடுமாறுகிறான்.

இரண்டாவது அச்சு, எவராலும் கண்டுபிடிக்க இயலாத ‘முழு ஆண்’. 2012 இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட் 3’ விளையாட்டில் ஸ்டீவ் கோர்ட்டெஸ் என்னும் விண்ணூர்தி ஓட்டி வருகிறான். படைவீரன், கடமை தவறாதவன், அளந்து பேசுபவன். அவனுடைய கணவன் எதிரிகளின் தாக்குதலில் இறந்துவிட்டான். கணவனின் கடைசிக் குரற்பதிவைத் தனிமையில் கேட்டுக்கொண்டிருக்கும் அவனை ஆடுபவர் காண நேர்கிறது. அவன் ‘கணவன்’ என்ற சொல்லை எவ்விதத் தயக்கமும் விளக்கமும் இன்றிச் சொல்கிறான்; கேட்பவரும் அதனை இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறார். அவனோடு நேரம் செலவிட்டு, அவன் துயரைக் கேட்டு, நினைவுச் சுவர்வரை செல்லத் துணைநின்றால், இறுதிப் போரில் அவன் பிழைக்கிறான். அவனைக் கவனியாது விட்டுவிட்டால் இறந்துபோகிறான். ஓர் ஆண் துக்கம் ஆற்றிக்கொள்ளாவிட்டால் உயிர் தப்பமாட்டான் என்பதை ஒரு போர் விளையாட்டு தன் விதியாகவே வைத்திருப்பது மெச்சத்தக்கது.

இவ்விரு பாத்திரங்களும் என் மதிப்புக்குரியவை. என் குறை பாத்திரங்களைப் பற்றியதன்று. அவற்றை நாம் வரவேற்ற விதத்தைப் பற்றியது. கோர்ட்டெஸ் போன்ற பாத்திரங்கள் வரும்போது, “பார்த்தால் அப்படிப்பட்டவன் என்று தெரியவே தெரியாது, அதுதான் சிறப்பு” என்ற பாராட்டு எழுகிறது. இப்பாராட்டைச் சற்று உரசிப் பாருங்கள். பார்த்தால் தெரிந்துவிடுகிற ஒருவன் மதிப்புக்குரியவன் அல்லன் என்பதுதானே அதன் மறுபக்கம்? நடையில் நளினமுள்ள, குரல் மென்மையான, கையசைத்துப் பேசுகிற பையன் அவ்விடத்திலேயே தள்ளிவைக்கப்படுகிறான். ஏளனம் ஓர் அச்சு என்றால் இந்த நிபந்தனையும் ஓர் அச்சுத்தான். ஆண்மைக்குச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு வந்தால் உன் அன்பை அனுமதிப்போம் என்கிறது அது.

தந்தையும் மகனும்

இவ்விரு அச்சுகளுக்கும் வெளியே நிற்கும் ஒரு பாத்திரத்தை எமது பெற்றோர் அவசியம் அறிந்திருக்க வேண்டும். 2014 இல் வந்த ‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ விளையாட்டின் டோரியன் பாவஸ்தான் அவன். இவனைப் படைத்த டேவிட் கெய்டர், தாம் தற்பாலீர்ப்புடையவர் என்பதை மறைக்காத எழுத்தாளர். டோரியன் ஆண்களை மட்டுமே காதலிப்பவன். அழகாக உடுத்துவான், மீசையைப் பேணுவான், நல்ல மதுவை நாடுவான், சொல்லுக்குச் சொல் எள்ளல் பேசுவான். மேலோட்டமாகப் பார்த்தால் முதலாவது அச்சுத்தான். ஆனால் அவன் கற்றறிந்த மந்திரவாதி. தன் தாய்நாட்டின் சீர்கேட்டைக் கண்டு மனம் வெதும்புபவன். அதைத் திருத்த வேண்டும் என்று ஏங்குபவன். அலங்காரத்துக்குப் பின்னால் ஆள் இருக்கிறான்.

அவனுடைய தந்தை நாட்டின் பெருங்குடித் தலைவர்களுள் ஒருவர். குலம் தழைக்க வேண்டும் என்பதற்காக மகனுக்குத் தக்க இடத்தில் பெண் பார்த்து வைத்திருந்தார். மகன் மணம் செய்துகொண்டு, தன் இயல்பை மறைத்து, ஊருக்கு ஒரு முகம் காட்டினால் போதும் என்பதே வீட்டாரின் எதிர்பார்ப்பு. மகன் அந்தப் பொய்க்கு உடன்படவில்லை. அப்போது தந்தை, தாமே இழிவென்று மகனுக்குக் கற்பித்த குருதி மந்திரத்தை நாடி, அவன் மனத்தை மாற்றிவிட முற்பட்டார். மகன் வீட்டைவிட்டு வெளியேறினான். பிற்பாடு ஒரு மதுச்சாலையில் தந்தையும் மகனும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். இருவரையும் பேசவைப்பதா, மகனை அழைத்துக்கொண்டு புறப்படுவதா என்பதை ஆடுபவர் தீர்மானிக்க வேண்டும்.

மந்திரவாதிகள் வாழும் கற்பனை நாட்டுக் கதைதான் இது. ஆயினும் பெண் பார்த்தலும், குலப்பெருமையும், “ஊர் என்ன சொல்லும்” என்ற அச்சமும், “கலியாணம் கட்டிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்ற நம்பிக்கையும் எமக்கு அந்நியமானவையா? எட்மன்டனில் இருந்து எழுதப்பட்ட இக்கதை, ஸ்காபரோவிலோ, லண்டனிலோ, ஒஸ்லோவிலோ உள்ள ஒரு தமிழ் வீட்டின் கதையாகவும் இருக்க முடியும். அந்தத் தந்தை கொடியவராகச் சித்திரிக்கப்படவில்லை என்பதே இதில் முக்கியமானது. மகன்மேல் அன்பு கொண்ட ஒருவர், அந்த அன்பின் பெயராலேயே மகனை அழிக்கத் துணிந்தார். அதனாற்றான் அக்காட்சி நெஞ்சைத் தைக்கிறது.

இதே விளையாட்டு 2014 நவம்பரில் இந்தியச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. உள்நாட்டுச் சட்டங்களை மீறுவதைத் தவிர்ப்பதற்காக என்று வெளியீட்டு நிறுவனமான இ.ஏ. காரணம் கூறியது. 2013 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவை மீண்டும் நிலைநிறுத்தியிருந்த காலம் அது. இந்தக் காதலே காரணமாக இருக்கலாம் என்று பலரும் அன்று ஊகித்தனர். ஒருமித்த வயதுவந்தோரின் தற்பாலுறவு குற்றமன்று என்று அதே நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. சட்டம் தன் மனத்தை மாற்றிக்கொண்டது. குடும்பங்கள் மாற்றிக்கொள்வதற்கு நீதிமன்றம் உதவ இயலாது.

எல்லோருக்கும் உரியவன் யாருக்கு உரியவன்?

அண்மைக் காலத்தில் இன்னொரு போக்கு வலுப்பெற்றிருக்கிறது. தோழர்கள் அனைவரும், ஆடுபவர் ஆணாயினும் பெண்ணாயினும் காதலிக்கக்கூடியவர்களாகவே அமைக்கப்படுகிறார்கள். 2016 இல் வந்த ‘ஸ்டார்டியூ வேலி’ என்னும் அமைதியான வேளாண்மை விளையாட்டு அத்தகையது. 2023 இல் பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டும் அத்தகையதே. இதன் நன்மையை மறுப்பதற்கில்லை. ஓர் இளைஞன் தனக்கென ஒதுக்கப்பட்ட ஒரு மூலையில் நிற்க வேண்டியதில்லை. தான் விரும்பியவரை அணுகலாம். 2017 இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட்: ஆன்ட்ரோமீடா’ விளையாட்டில் ஆணை விரும்பும் நாயகனுக்குத் தெரிவுகள் குறைவு என்று குறை எழுந்தபோது, ஜால் என்னும் வேற்றுக்கோள் தோழனோடும் நாயகன் காதல் கொள்ளும்படி சில மாதங்களில் திருத்தம் வெளியிட்டார்கள்.

ஆனாலும் இங்கே ஒரு கேள்வி எஞ்சுகிறது. எமது அகத்திணை மரபு ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்று பெயரிட்டு, ஒத்த அன்பின் ஐந்திணையிலிருந்து விலக்கி வைத்தது. யார் கைநீட்டினாலும் இசைகின்ற, தனக்கென விருப்போ வெறுப்போ வரலாறோ இல்லாத ஒரு பாத்திரத்தோடு கொள்ளும் காதல், கைக்கிளையின் புதிய வடிவம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மறுக்கத் தெரியாதவனுடைய சம்மதத்துக்கு என்ன பொருள் இருக்கிறது?

‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டின் அஸ்டாரியன் இக்குறையை வென்ற பாத்திரம். நளினமும் ஒப்பனையும் சரசமுமாக வரும் குருதிகுடிப் பேய் அவன். ஏறக்குறைய இரு நூறாண்டுகள் ஒரு கொடிய எசமானின் அடிமையாக இருந்து, பிறரை மயக்கி அழைத்துவரும் தூண்டிலாகப் பயன்படுத்தப்பட்டவன். நாயகனிடம் அவன் காட்டிய சரசமும், தன்னைக் காத்துக்கொள்வதற்காகப் பழக்கத்தினாற் போட்ட வேடமே என்பதைப் பின்னர் அவனே ஒப்புக்கொள்கிறான். அதுவரை நாம் ‘அவர்கள் இப்படித்தான்’ என்று எண்ணிச் சிரித்த சரசம், ஒரு காயத்தின் வடுவென்று அப்போது தெரிகிறது. அவ்விடத்தில் அவனை வெறுமனே அணைத்துக்கொள்ளவும் ஆடுபவருக்கு இடம் இருக்கிறது. அச்சை உடைப்பதற்கு நளினத்தை அகற்ற வேண்டியதில்லை. அதற்குப் பின்னால் ஒரு மனிதனை வைத்தாற் போதும்.

தந்தையரையே காதற் பாத்திரங்களாக்கிய ஒரு விளையாட்டும் 2017 இல் வந்தது. ‘ட்ரீம் டாடி’ என்னும் அவ்விளையாட்டில் ஆடுபவர் தம் வளர்ந்த மகளோடு புதிய ஊருக்குக் குடிவரும் தனித்த தந்தை. அவ்வூரில் அவர் பழகக்கூடிய தந்தையர் எழுவர். ஆசிரியர் ஒருவர், காப்பிக்கடைக்காரர் ஒருவர், உடற்பயிற்சிப் பித்தர் ஒருவர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். அவர்களும் வகைமாதிரிகளே என்று குறைசொல்ல இடமுண்டு. ஆனால் மகளை மேற்படிப்புக்கு அனுப்பிவைக்கும் கவலை கதை முழுவதிலும் இழையோடுகிறது. பிள்ளையைப் பேணுதல் ஆண்மையின் ஒரு பகுதி என்பதை அது வாதிடாமலே நிறுவிவிடுகிறது.

எமது வீட்டு அளவுகோல்

“இவையெல்லாம் விளையாட்டு, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். இன்னும் சிலர், இத்தகைய விளையாட்டுகள் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று அஞ்சலாம். மேற்சொன்னவற்றுட் பல வயதுவந்தோருக்கென்றே தரப்படுத்தப்பட்டவை. பெட்டியிலுள்ள வயதுக்குறியைப் பார்த்து அனுமதிப்பது பெற்றோரின் கடமை. ஆனால் எந்த விளையாட்டும் ஒரு பிள்ளையின் ஈர்ப்பை உண்டாக்கிவிடாது. ஏற்கெனவே உள்ளத்தில் இருப்பதற்குச் சொல் கொடுக்கத்தான் அதனால் இயலும்.

கெடுதி வேறோர் இடத்தில் இருக்கிறது. “ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?”, “பொம்பிளை மாதிரி நடக்காதே”, “குரலை நிமிர்த்திப் பேசு” என்று நாளும் பொழுதும் நாம் சொல்லும் சொற்களில் அது இருக்கிறது. தற்பாலீர்ப்புடைய மகனை மாத்திரமன்றி, பெண்ணையே காதலித்து மணக்கப்போகும் மகனையும் அச்சொற்கள் ஊமையாக்குகின்றன. துயரைச் சொல்லத் தெரியாத, அன்பை வெளிக்காட்டக் கூசுகிற எத்தனை தந்தையரை எமது சமூகம் உருவாக்கியிருக்கிறது என்பதை நாமே அறிவோம். போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்தவர்களுள் எத்தனை ஆண்கள் தம் இழப்பை இன்னும் எவரிடமும் சொல்லவில்லை! கோர்ட்டெஸுக்குக் கிடைத்த நினைவுச் சுவரும், கேட்பதற்கு ஒரு செவியும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இளையோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நீங்கள் விரும்பும் பாத்திரத்தை, அவன் எவ்வளவு ‘ஆண்’ என்று அளக்காதீர்கள். உங்களைத் தவிர அவனுக்கு வேறு என்ன வேண்டும்? அவன் எதற்காக உங்களிடம் முரண்படுவான்? உங்களை மறுக்கும் உரிமை அவனுக்கு உண்டா? இவற்றுக்கு விடை இருக்குமானால் அவன் நன்கு எழுதப்பட்டவன். தசை பெருத்தவனா, மை தீட்டியவனா என்பது அதற்குப் பின்புதான். கதை எழுதவும் நிரல் எழுதவும் கற்றுக்கொண்டிருக்கும் உங்களுட் சிலர் நாளை இத்துறைக்குச் செல்வீர்கள். ஒரு தமிழ்த் தகப்பனும் மகனும் எதிரெதிரே அமர்ந்து பேசும் காட்சியை நீங்களே எழுதுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. உங்கள் பிள்ளை ஏதேனும் ஒரு விளையாட்டுப் பாத்திரத்தைப் பற்றி வாய் ஓயாமற் பேசினால், அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்தப் பாத்திரத்தில் என்ன பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். தற்பாலீர்ப்புடைய எவரைப் பற்றியாவது வீட்டில் பேச்செழும்போது, “நல்ல பிள்ளை, பார்த்தால் தெரியாது” என்று சொல்லாதீர்கள். நாம் பாராட்டென்று எண்ணிச் சொல்லும் அந்தச் சொல்லை, பார்த்தால் தெரிந்துவிடுமோ என்று அஞ்சியபடி இருக்கும் ஒரு பிள்ளை அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.